சோளக்காட்டுக்குள் ஒரு டென்னிஸ் களம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, பி.ஏ.பி. வாய்க்கால் பாசனம் உள்ள ஒரு கிராமம். அங்கே அண்ணன், தம்பி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மூன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கரில் தென்னை. மீதி நிலத்தில் தண்ணீர் முறை வரும் வருடம் மக்காச்சோளம், வராத வருடம் மாட்டுக்குச் சோளத்தட்டு. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. அண்ணன்தான் தோட்டத்தைப் பார்க்கிறார். நான்கு மாடு, ஒரு மோட்டார் ரூம், அதையொட்டித் தேங்காய்ப் பருப்புக் காயப்போட ஒரு சிறிய சிமெண்ட் களம்.

அந்த மோட்டார் ரூமின் சுவரில்தான் விஷயம் தொடங்கியது.

மகள் எட்டாம் வகுப்பு. டவுன் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி விட்டதும் விளையாட்டு ஆசிரியர் கற்றுக்கொடுக்க, அங்கிருந்த டென்னிஸ் கோர்ட்டில் ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு 6.10 பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு வருடம் பஸ் நேரம் மாறியது. நேர் பஸ் 5.20க்கே கிளம்பிவிடும், அதை விட்டால் இரண்டு பஸ் மாறி, இருட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். "இனிமேல் வேண்டாம் கண்ணு" என்று அம்மா சொல்லிவிட்டார். மகள் அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. மறுநாளிலிருந்து 5.20 பஸ்ஸில் வந்து இறங்கி, மோட்டார் ரூம் சுவரில் பந்தை அடிக்க ஆரம்பித்தாள். பால் கறக்கும் நேரம் முழுக்க டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்தில் சுவரின் பூச்சு ஒரு ஆள் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதைப் பூச ஆள் கூப்பிடப் போன அப்பா, கொத்தனாரைத் தேடாமல் நேராகப் பள்ளிக்குப் போய் விளையாட்டு ஆசிரியரைப் பார்த்தார். ஒரு கோர்ட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார்.

ஆசிரியர் நோட்டுத் தாளில் வரைந்து கொடுத்த அளவு இது. கோடு போட்ட ஆடுகளம் நீளம் 78 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 36 அடி, ஒற்றையருக்கு 27 அடி. ஆனால் கோட்டோடு ஆட்டம் முடிந்துவிடாது. பின்னால் ஓடிப்போய் அடிக்க இரண்டு முனையிலும் 21 அடி, பக்கவாட்டில் 12 அடி வீதம் விட வேண்டும். மொத்தம் 120 அடிக்கு 60 அடி. அப்பா மனதிலேயே கணக்குப் போட்டார். 7,200 சதுர அடி, அதாவது பதினாறரை சென்ட். வடிகாலையும் சேர்த்தால் பதினெட்டு. "ரெண்டு மாட்டுக்கு ஒரு பருவத்துத் தட்டுங்க சார்" என்றார்.

முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான்: சிமெண்ட் தளம் போட்டு, மேலே நீல வர்ணம். மகளுக்கும் அதுதான் ஆசை. டி.வி.யில் பார்ப்பது அதைத்தானே. கோயம்புத்தூரிலிருந்து வந்து அளந்தவர் சொன்ன தொகையில் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டு, மிச்சத்துக்கு இரண்டு கறவை மாடும் வாங்கியிருக்கலாம். அப்பா அப்போதும் விடவில்லை. கோடையில் பருப்புக் காயப்போட, மற்ற நாளில் விளையாட என்று ஒரே தளத்துக்கு இரண்டு வேலை கொடுத்தால் செலவு செரித்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஆசிரியர் சிரித்துவிட்டார். பருப்பிலிருந்து இறங்கும் எண்ணெய் தளத்தில் ஊறினால் ஓடுகிற பிள்ளை வழுக்கி விழும். பருப்புக் களத்தையும் பந்துக் களத்தையும் சேர்க்க முடியாது என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மறுவாரம் தம்பி திருப்பூரிலிருந்து வந்தார். கோபமாக வரவில்லை, ஆனால் தெளிவாகப் பேசினார்.

"அண்ணா, புள்ள ஆடறதுக்கு நான் குறுக்கே நிக்கலை. ஆனா பாகம் பிரிக்காத காடு. நாளைக்கு அந்தப் பக்கம் எனக்கு வந்தா, சிமிட்டியை வெச்சுட்டு நான் என்ன பண்ண? உடைச்சு எடுக்கற கூலிக்கு நெலத்தையே வித்துப்போடலாம்."

அண்ணனுக்குப் பதில் இல்லை. தம்பி கேட்டது நியாயம். கான்கிரீட்டுக்கு அடியில் போன மண்ணைத் திரும்ப வெள்ளாமைக்குக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. பிரிக்காத சொத்தில் ஒருவர் நிரந்தரமாக எதையாவது கட்டிவிட்டுப் பிறகு உறவு முறிந்த வீடுகள் அந்த ஊரிலேயே நாலு இருக்கும். அம்மா உள்ளே போய்விட்டார். மகள் திண்ணை ஓரத்தில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார். "எதுக்குச் சாமி சிமிட்டி? களம் போடுங்க. உங்கப்பன் இருந்தவரைக்கும் வருசா வருசம் போட்டோமே. கம்பும் சோளமும் அடிச்ச களத்துல பந்து எந்திரிக்காதா? வேண்டாம்னா ஒரு ஓட்டு ஓட்டுனா மறுபடியும் காடு."

இதை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நம் நாட்டில் பல ஊர்களில் சாணம் மெழுகிய மண் தரையில்தான் டென்னிஸ் ஆடினார்கள். இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் முதல் வரிசையில் இருக்கும் ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960லும் 1961லும் அங்கே அரையிறுதி. உலகத்திலேயே புகழ்பெற்ற மண் கோர்ட் பாரிஸில் உள்ள ரோலண்ட் காரோஸ். அதுவும் முழுக்கச் செம்மண் இல்லை. மேலே சிவப்பாகத் தெரிவது செங்கல் தூள், அதுவும் இரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்கடியில் பொடித்த சுண்ணாம்புக்கல், சரளை, கல் என்று அடுக்கடுக்காக இருக்கும். "அடி நல்லா இருந்தா மேல எதுவும் நிக்கும். உங்க ஆத்தா சொல்றது சரி" என்றார் ஆசிரியர். தம்பியும் ஒப்புக்கொண்டார். மண்ணாகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

தை கடைசியில் சோளத்தட்டு அறுத்தபின் வேலை ஆரம்பித்தது. வேலியோரமாகக் கிழக்கு மேற்காகப் போட்டால் உழவுக்கு இடைஞ்சல் இருக்காது என்று அப்பா குச்சி ஊன்றி வைத்திருந்தார். ஆசிரியர் காலை ஏழு மணிக்கு வந்து, அவரையே கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, கையில் ஒரு பந்தைக் கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் போட்டு அடிக்கச் சொன்னார். அப்பாவுக்குக் கண் கூசிப் பந்தே தெரியவில்லை. டென்னிஸ் களத்தின் நீளம் வடக்கு தெற்காக இருப்பது இதற்காகத்தான். பிள்ளைகள் ஆடுவது காலையும் மாலையும், அந்த நேரத்தில் வெயில் ஒருவர் முகத்தில் மட்டும் விழக்கூடாது. குச்சியை எல்லாம் பிடுங்கித் திருப்பி ஊன்றினார்கள். திருப்பியதும் தென்மேற்கு மூலையில் ஒரு தென்னை குறுக்கே வந்தது. தாத்தா கையால் வைத்த மரம். அதை வெட்டச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்த மூலையில் மட்டும் பின்னால் 21 அடிக்குப் பதிலாக 17 அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். போட்டி நடத்தும் கோர்ட்டுக்கு இது ஆகாது, பழகுவதற்குப் போதும். அந்த மரத்தில் மட்டும் காய் முற்றுவதற்கு முன்பே இளநீராக இறக்கிவிடுகிறார்கள்.

மூலை பார்ப்பதற்குக் கொத்தனார் கணக்கே போதும். கயிற்றில் 9 அடி, 12 அடி அளந்து, குறுக்கே 15 அடி வந்தால் மூலை சரி. முழுக்களத்தையும் சரிபார்க்க, 78க்கு 36 அடிச் சதுரத்தின் இரண்டு குறுக்கு மூலையும் 85 அடி 11 அங்குலம் வர வேண்டும். முதல் தடவை ஒன்றில் மூன்று அங்குலம் தள்ளி வந்தது. குச்சியை நகர்த்தி மறுபடி அளந்தார்கள்.

அடுத்து ஜே.சி.பி.யை வைத்து மேல்மண் அரை அடியை வழித்தார்கள். வயல் மண் மட்கும் வேரும் கலந்தது, இறுகாது. அதன்மேல் களம் போட்டால் மழைக்கு உப்பி, வெயிலுக்கு அமுங்கும். கிட்டத்தட்ட 36 யூனிட் மண் வந்தது. பாதியைத் தென்னைப் பாத்திகளுக்குப் போட்டு, பாதியை வரப்போரம் குவித்து வைத்தார்கள். களம் வேண்டாம் என்கிற நாள் வந்தால் திருப்பிப் பரப்ப அது வேண்டும். தம்பி வரும்போதெல்லாம் அந்தக் குவியலைப் பார்த்து, "என்ற பங்கு பத்திரமா இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

வழித்த இடத்தில் ஆத்தாவும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து நான்கு நாள் கோரைக்கிழங்கு பொறுக்கினார்கள். இது விளையாட்டுப் புத்தகம் எதிலும் இருக்காது. ஒரு கிழங்கு இருந்தாலும் இறுகிய தரையைத் துளைத்துக்கொண்டு ஈட்டி மாதிரி வரும்.

அடித்தளத்துக்குச் சரளை விலைக்கு வாங்கவில்லை. முன்பு பண்ணைக்குட்டை வெட்டியபோது கரையில் கொட்டிய சரளை மண் அப்படியே கிடந்தது. நான்கு அங்குலம் பரப்ப 24 யூனிட் ஆனது. அதன்மேல் மூன்று அங்குலம் சலித்த மண், 18 யூனிட். ஏரி வண்டல் எடுக்கலாமே என்று ஒருவர் சொன்னதை அப்பா கேட்கவில்லை. அது வெள்ளாமைக்கும் மண்பாண்டத்துக்கும் கொடுக்கிற மண், பந்தாடுவதற்கு எடுப்பது முறையில்லை. சொந்தச் செம்மண்ணில் மணல் கூடுதல். தனியாகப் போட்டால் பொலபொலவென்று உதிரும். கரிசலைத் தனியாகப் போட்டால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பார்த்தார்கள். மணல் உடனே அடியில் இறங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி படிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். மூன்று கூடை செம்மண்ணுக்கு ஒரு கூடை களி என்று கலந்தபோது பாட்டிலில் களி கால் பங்குக்குச் சற்று மேலே நின்றது. அதையே வைத்துக்கொண்டார்கள்.

வாட்டத்தில் அப்பா ஏமாந்தார். "முப்பது வருசமா தண்ணி பாய்ச்சறவனுக்கு வாட்டம் தெரியாதா" என்று கண் மட்டத்திலேயே மேற்கே சாய்த்து நிரவிவிட்டார். டியூப் மட்டம் பிடித்தபோது 60 அடி அகலத்தில் எட்டு அங்குலம் சரிவு இருந்தது. வாய்க்காலுக்கு அது நல்ல வாட்டம். டென்னிஸுக்கு ஒரு பக்கம் மேட்டில் நின்று அடிப்பது போல ஆகிவிடும். மண் களத்துக்கு 24 அடிக்கு ஒரு அங்குலம் போதும், 60 அடிக்கு இரண்டரை அங்குலம். நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் சரிக்கவும் கூடாது, ஒரே பக்கமாகத்தான் சரிய வேண்டும். இரண்டு நாள் வேலையைக் கலைத்து மறுபடி நிரவினார்கள்.

இறுக்குவதற்கு ஊர்ச் சாவடியில் புளியமரத்தடியில் கிடந்த பழைய கல் உருளையைக் கேட்டு வாங்கினார்கள். டிராக்டரில் கட்டி இழுத்தால் டயர் தடம் விழுகிறது என்று ஆறு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். தண்ணீர் விட்ட மறுநாளே இழுத்ததுதான் தப்பு. ஈர மண், காயாத கல்லில் ஒட்டிய தோசை மாதிரி உருளையோடு உரிந்து வந்தது. ஆத்தா கைத்தடியோடு வந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிக் காட்டினார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக்கூடாது, கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். அந்தப் பதம் வருகிறவரை இரண்டு நாள் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு உருட்டியபோது தரையிலிருந்து வந்த சத்தமே வேறு. ரோடு போடுகிற எஞ்சினியரும் மண்ணின் ஈரப்பதத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஆத்தா பள்ளிக்கூடமே போனதில்லை.

மேலே சாணக் கரைசல் இரண்டு தடவை தெளித்து மெழுகினார்கள். காய்ந்தபின், செங்கல் சூளையிலிருந்து உடைசல் வாங்கி இடித்துச் சலித்த சுர்க்கியைக் கோலமாவு மாதிரி மெலிசாகத் தூவினார்கள். பந்து விழுந்த தடம் அதில் தெரியும், கால் சறுக்கி நிற்கவும் வசதி. வலைக் கம்பத்துக்கு மட்டும் மூன்றடிக் குழி இரண்டு தோண்டி கான்கிரீட் போட்டார்கள். கம்பங்களுக்கு இடையே 42 அடி. வலை கம்பத்தருகே மூன்றரை அடி, நடுவில் மூன்று அடி. "ரெண்டு குழி சிமிட்டியை விட்டுட்டேன் போங்க" என்றார் தம்பி.

பந்து சரியாக எழும்புகிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. நல்ல டென்னிஸ் பந்தை 100 அங்குல உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் 53 முதல் 58 அங்குலம் வரை எழும்ப வேண்டும். மகள் ஏணியில் நின்று பந்தை விட, அம்மா கம்பில் அளவு பார்த்தார். பருப்புக் களத்தில் 55. புதுக் களத்தில் பல இடத்தில் 50க்கு மேல் வந்தது, வடகிழக்கு மூலையில் 41தான். அந்த மூலையைக் கொத்திவிட்டு மறுபடி திமிசு போட்டு இடித்தார்கள். இதற்குள் அம்மாவின் எதிர்ப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அளவு கம்பை யாரிடமும் கொடுக்கவில்லை.

பங்குனியில் ஆட ஆரம்பித்தாள். ஆசிரியர் வாரம் இரண்டு நாள் வண்டியில் வந்தார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

ஆடிக் காற்று முதல் பாடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு முன் சுற்றிக் கட்டியிருந்த பச்சை ஷேட் நெட் பாய்மரம் மாதிரி உப்பி, மூன்று கம்பங்களைச் சாய்த்துவிட்டது. இப்போது கட்டியிருப்பது பழைய மீன்வலை. பந்து நிற்கும், காற்று போய்விடும். கிளுவை வேலியின் முள்ளில் பட்டு வீணான பந்துகளும் உண்டு. தூவிய சுர்க்கியில் பாதி ஊர்வழி போய்விட்டது. தண்ணீர் தெளித்தால் நிற்கும், ஆனால் முழுக்களத்தையும் ஒரு மில்லிமீட்டர் நனைக்கவே 670 லிட்டர் வேண்டும். தண்ணீர் முறை இல்லாத வருடத்தில் அதற்கு யார் போவது? ஒற்றையர் கோட்டுக்கு உள்ளே மட்டும் தெளித்தால் 200 லிட்டரில் முடியும். மாட்டுத்தொட்டி கழுவும் தண்ணீரை வடிகட்டி அதையே தெளிக்கிறார்கள்.

ஐப்பசி மழை இரண்டாவது பாடம். களத்தில் விழுந்த மழை மேற்கே வடிந்து தென்னைக்குப் போனது, சரி. ஆனால் கிழக்கே மேட்டுக் காட்டிலிருந்து வந்த வெள்ளம் ஒரே ராத்திரியில் களத்தின் குறுக்கே முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் பறித்தது. மேட்டுப் பக்கம் தடுப்பு வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். உண்மையில், களம் போடுவதற்கு முன்பே முதலில் வெட்டியிருக்க வேண்டியது அதுதான். மண் களம் போட நினைக்கிறவர்கள் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கிற அளவுக்கு எங்கிருந்து வரும் என்றும் யோசிக்க வேண்டும். பத்து நாள் கழித்து, பள்ளத்தின் ஓரமெல்லாம் பச்சையாகக் கோரை முளைத்திருந்தது.

அன்றைக்கு அப்பா மனம் விட்டுப்போனது. "இதுக்குச் சோளமே விதைச்சிருக்கலாம்" என்றார். மகள் பதில் பேசவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூலையிலிருந்து கோரை எடுக்க ஆரம்பித்தாள். இருட்டுகிறவரை எடுத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மற்ற மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கிழக்கே வாய்க்கால் வெட்டினார். தம்பியும் திருப்பூரிலிருந்து வந்து, சரளை போட்டுப் பள்ளத்தை மூடினார்.

பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒவ்வொரு கார்த்திகை கடைசியிலும் மேல்மண் ஓர் அங்குலம் போட்டு, பதம் பார்த்து உருட்டி, சாணம் மெழுகுகிறார்கள். குடும்பத்தோடு உழைத்தால் ஆறு நாள் வேலை. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. மாவட்டப் போட்டிக்கு முதல் வருடம் போனபோது முதல் சுற்றிலேயே தோற்றாள். சிமெண்ட் தரையில் பந்து வேகமாக வந்து கையைத் தாண்டிவிட்டது. மண்ணில் மட்டும் பழகினால் இந்தக் குறை இருக்கும். அதற்காக மாதம் இரண்டு சனிக்கிழமை டவுனுக்குப் போய் ஆடுகிறாள், அம்மா கூடவே போகிறார். இரண்டாம் வருடம் மூன்று ஆட்டம் ஜெயித்தாள்.

ஆத்தா போன தையில் காலமானார்.

இந்தச் சித்திரையில் தம்பி போன் செய்தார். தோட்டத்தில் அவர் பங்குக்குப் போட்ட நிலக்கடலை இருபது மூட்டை, மழை வரும் போல இருக்கிறது, பருப்புக் களத்தில் இடம் போதாது. "ஏங்கண்ணு, உன்ற களத்துல நாலு நாள் காயப்போட்டுக்கட்டுமா?" என்று மகளிடம்தான் கேட்டார். ஆணி அடித்த கோட்டு நாடாவை அவளே பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். வலையை இறக்கினாள். தார்ப்பாயெல்லாம் வேண்டாம் சித்தப்பா, மெழுகின தரைதானே, அப்படியே கொட்டுங்க என்றாள். நாலு நாளும் சாயங்காலம் மோட்டார் ரூம் சுவரில் டொக், டொக் என்று கேட்டது. ஐந்தாம் நாள் கடலையை அள்ளிய பிறகு கூட்டிப் பெருக்கி, நாடாவை அடித்து, குறுக்கு மூலை இரண்டையும் அப்பாவோடு சேர்ந்து அளந்தாள். இரண்டுமே 85 அடி 11 அங்குலம் வந்தன.